உப்பில்லாத வருஷங்கள்

அடுத்த வீட்டில் கருவாடு சுடுகிறார்கள். தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் நடுவில் இருப்பது வெறும் பலகைதான் என்பது உனக்குத் தெரியும். அந்தப் பலகை பிள்ளை அழுகிற சத்தத்தையும் தடுக்காது, புருஷன் பெண்டாட்டி சண்டையையும் தடுக்காது, கருவாட்டு வாசனையையா தடுக்கப் போகிறது? உப்பில்லாத கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு மூக்கைத் தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரி அஞ்சலை என்னைப் பார்த்துவிட்டு, "அண்ணன் இருந்தா இந்நேரம் வந்திருப்பாரு" என்றாள். உன்னைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு கஞ்சி இறங்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருந்த காலத்தில் எதிர் லயத்திலேயே இருந்தாய். கூப்பிட்டால் கேட்கும். உனக்கு எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்ததில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எனக்கு உப்பை நிறுத்திய புதிதில் நீ செய்த அக்கிரமம் நினைவிருக்கிறதா? மத்தியானம் சுட்ட கருவாட்டை வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கு நேர் எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாய். "நீ மோந்து பாரு, நா தின்னுக்கறேன்" என்றாய். அஞ்சலை அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். எனக்குக் கோபம் வரவேண்டும், ஆனால் சிரிப்புத்தான் வந்தது. வீங்கிய வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சப்பென்ற கஞ்சியை முதல்முதலாகக் கிண்ணம் காலியாகக் குடித்தேன். அதற்காகத்தான் வந்தாயா, இல்லை, உனக்கு நிஜமாகவே பசியா? உன் விஷயத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

நாகப்பட்டினத்தில் ஒரே கப்பலில் ஏறியவர்கள் நாம். ஒரே கப்பலில் வந்தவன் கூடப்பிறந்தவன் மாதிரி என்பது இங்கே எல்லாருக்கும் உள்ள வழக்கம். எனக்கும் உனக்கும் அது வழக்கத்துக்கு மேலேயே போய்விட்டது. மலாயாவுக்கு, கூலாய் பக்கம் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் மரம் சீவினோம். பால் நிறுத்துக் கொடுத்த பிறகு தோட்டத்துக் கள்ளுக்கடைக்கும் ஒன்றாகவே போனோம். கள் கிடைக்காத நாளில் சம்சுச் சாராயம். குடித்த கதையை விரித்து எழுதும் ஆசை எனக்கில்லை. குடித்தவனுக்கு அது பாதிதான் ஞாபகம் இருக்கும், மீதியைப் பெண்டாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.

காட்டோரத்தில் மரத்தடியில் இருந்து, புலி வராமல் எல்லை காக்கிற முனிக்கு நீ பூசாரி. பழைய பூசாரி ஊருக்குத் திரும்பியபோது, தோட்டத்திலேயே பெரிய தொண்டை உனக்குத்தான் என்று உன்னைப் பிடித்துப் போட்டார்கள். முனிக்குச் சம்சுவும் சுருட்டும் வைப்பார்கள். அருள் வந்ததும் பூசாரி குடிப்பான், மிச்சத்தைப் பிரசாதமாகக் கொட்டாங்கச்சியில் ஊற்றி ஆம்பளைகளுக்குக் கொடுப்பான். நானும் வருஷா வருஷம் என் பேரில் ஒரு போத்தல் வைத்தேன். வைத்ததில் பெரும்பங்கு எனக்கே திரும்பி வந்தது என்பது வேறு விஷயம்.

பிறகு கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. கண் மஞ்சளாயிற்று. கையும் தோளும் வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் பானையாக எழும்பியது. தோட்டத்துப் பெண்கள் அஞ்சலையை விட்டுவிட்டு என் வயிற்றைப் பார்த்து, எத்தனை மாசம் என்று கேலி செய்தார்கள். ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டுத் தண்ணீரை வடித்தார்கள். திரும்பி வந்ததும் தோட்டத்து டிரஸர் என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "ஈரல் கெட்டுப் போச்சு. இருக்கறதக் காப்பாத்திக்க. இனிமே ஒரு சொட்டுத் தொட்டாலும் மலாய்க்காரன் சொல்ற மாத்திதான், சாவுதான்" என்றார். நீ பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ உன்னைச் சொன்னது போலத் தலையை ஆட்டினாய்.

குடியை நிறுத்தினால் உடம்பு உடனே நன்றியோடு தேறிவிடும் என்று நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. நிறுத்திய பிறகுதான் உடம்பு தன் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தன. வெளியே ஒன்றும் தெரியாது, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். அஞ்சலை வேப்பிலை போட்ட தண்ணீரை ஆறவைத்து ஊற்றுவாள். நீ தேங்காய் நாரை எடுத்து மாட்டைத் தேய்ப்பதுபோல் என் முதுகைத் தேய்ப்பாய். "தோலு போயிரும்டா" என்று கத்துவேன். "போவட்டும், அரிப்பும் கூடவே போயிரும்" என்பாய். கெண்டைக்காலில் குரக்குவலி இழுக்கும்போது என் பாதத்தை உன் நெஞ்சில் முட்டுக்கொடுத்து மடக்கிப் பிடிப்பாய். வேப்பங்குச்சியால் பல் விளக்கினால் ஈறில் ரத்தம் வந்தது, துணியால் துடைக்கப் பழகிக்கொண்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டியது, அதனால் குழந்தைக்கு ஊட்டுவது போல அஞ்சலை கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுத்தாள். எரிந்து விழுந்தேன். உப்பில்லாத சோற்றைத் தின்றுகொண்டு நல்ல மனுஷனாக இருப்பது ரொம்பக் கஷ்டம்.

எல்லாவற்றிலும் மோசம் அந்த மாலை நேரம். பால் நிறுத்து முடிந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்ததும் கால் தானாகக் கள்ளுக்கடைப் பக்கம் திரும்பும். எனக்கு வெளிவேலை தராமல் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் மாட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் கடைக்குப் போகிற பாதை தெரியும். நீ அந்தப் பாதையில் போவதையும் பார்ப்பேன். திரும்பி வரும்போது வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டு என்னிடம் வந்து பேசுவாய். வெற்றிலை வாசனைக்குப் பின்னால் கள் வாசனை இருப்பது எனக்குத் தெரியாதா? ஆனாலும் நீ வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தாயே, அது எனக்குப் பெரிதாக இருந்தது.

அடுத்த கதையை நான் அஞ்சலையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். வயிறு வற்றி, தேறி வந்துகொண்டிருந்தேன். திடீரென்று புத்தி தடுமாறியது. பகலெல்லாம் தூங்கினேன். மாட்டிய ஷீட்டையே எடுத்து மறுபடியும் மாட்டினேனாம். அஞ்சலையை "அம்மா" என்றேனாம். கையை நீட்டச் சொன்னால் கை கோழி இறக்கை மாதிரி அடித்துக்கொண்டதாம். நாள்கணக்காக வெளிக்கே போகவில்லை என்று அஞ்சலை சொன்னதும் டிரஸர் பேதி மருந்து கொடுத்தார். அந்த மனுஷன் எதற்குமே பேதிக்குத்தான் கொடுப்பார் என்று எல்லாரும் சிரித்தார்கள்.

லயத்தில் வேறு முடிவு எடுத்திருந்தார்கள். அதில் தப்புச் சொல்லவும் முடியாது, நானே இன்னொருவனுக்கு அதைத்தான் சொல்லியிருப்பேன். வருஷா வருஷம் முனிக்குப் போத்தல் வைத்தவன் குடியை விட்டதும் அதையும் விட்டுவிட்டான், சாமி கோபித்துக்கொண்டு அடித்துவிட்டது. இதுதான் முடிவு. ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில், மருந்து வேலை செய்வதற்குள் என்னை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு முனி முன்னால் நிறுத்தினார்கள். என் பேரில் ஒரு முழுப் போத்தல் சம்சு வைத்தாயிற்று.

"பிரசாதத்த ஒரு வாய் குடிச்சான்னா தெளிஞ்சிருவான்" என்றார் கங்காணி.

"குடிச்சா செத்துருவாருன்னு டிரஸரு சொல்லியிருக்காருங்க" என்றாள் அஞ்சலை.

"டிரஸரு பெருசா, முனி பெருசா?"

 பிரசாதம் வேண்டாம் என்று சொன்னால் சாமிக்குத் துரோகம், சரி என்று சொன்னால் தாலி போய்விடும். பம்பை முழங்கிக்கொண்டிருந்தது. உனக்கு அருள் வந்து உடம்பு உதறிக்கொண்டிருந்தது. அஞ்சலை உன்னைப் பார்த்து "அண்ணே" என்று மட்டும் சொன்னாளாம். 

இந்த இடத்திலிருந்து எனக்கே கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது. தண்ணீருக்கு அடியிலிருந்து பார்ப்பதுபோல. நீ கொட்டாங்கச்சியில் ஊற்றி என் வாய்க்கு நேரே கொண்டுவந்தாய். எனக்கு அந்த வாசனை போதும். வாயைத் திறந்தேன். பழகிய வாய்தானே, அதற்குப் புத்தி எதற்கு? சட்டென்று கையை இழுத்து நீயே அதைக் குடித்தாய். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "இது யாரு பங்கு?" என்று உறுமினாய்.

"உன் புள்ள பங்கு, சாமி" என்றது கூட்டம்.

"இவன் பங்கையும் இனி நானே குடிச்சுக்கறேன்! எவனாச்சும் இவன் வாயில ஊத்துனீங்க, நா இந்த எல்லைய விட்டுப் போயிருவேன். அப்புறம் புலி வந்தா என்னைக் கூப்பிடாதீங்க!"

போத்தலைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தாய். கங்காணி முதலில் விழுந்து கும்பிட்டார்.

மறுநாள் எனக்குப் புத்தி தெளிந்தது. முனிதான் என்றது தோட்டம். பேதி மருந்துதான் தலைக்கேறிய விஷத்தை இறக்கியது என்றார் டிரஸர். நான் இரண்டு பக்கமும் கும்பிட்டு வைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது டிரஸர் கையில் இல்லாத காரியம். இந்தத் தோட்டத்தில் எனக்குக் கள் ஊற்ற ஒருவனும் துணியவில்லை. விடிவதற்கு முன்னால் காட்டோரம் மரம் சீவப் போகிறவர்களுக்குப் புலி பயம் சும்மா இல்லை. கள்ளுக்கடைக்காரன் என்னைத் தூரத்தில் கண்டாலே, "அந்தப் பக்கமாப் போங்கண்ணே, புண்ணியமாப் போவும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் அவனைக் கெஞ்சியே பார்த்தேன். அவன் அழுதுவிட்டான். கல்யாண வீட்டில் எனக்கு மட்டும் சோடா வரும். கோயில் மாடு மாதிரி ஆக்கிவிட்டாயே என்று உன்மேல் எரிச்சலாக வந்த நாட்கள் உண்டு. அந்த நாட்களும் சேர்ந்துதான் நான் பிழைத்தேன்.

"அன்னிக்குப் பேசுனது யாருடா?" என்று உன்னை ஒருமுறை கேட்டேன்.

"அருள் வந்தா எனக்கு என்னா தெரியும்? தொண்டதான் என்னுது" என்று சுருட்டைப் பற்றவைத்தாய்.

உன் கால் வீங்கியதை உனக்கு முன்னால் நான்தான் பார்த்தேன். ஓடையில் கால் கழுவிக்கொண்டிருந்தாய். விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி அப்படியே நின்றது.  அந்த வழியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்குத் தெரியும். விட்டுவிடு என்றேன்.

"சாமி பங்க யாரு குடிக்கறது?"

"மண்ணுல ஊத்து."

"நீ சொன்னா ஆச்சா? சாமி சொல்லட்டும், பாப்போம்."

சிரித்தாய். உன் குடிக்கு முனியைச் சாக்குச் சொல்லாதே என்று லயமே கேட்கக் கத்தினேன். சாமி பங்கு வருஷத்துக்குச் சில நாள், நீ குடித்தது தினமும். அது உனக்கும் தெரியும். அஞ்சலை அழுது பார்த்தாள். டிரஸர் விரலை நீட்டிப் பார்த்தார். எல்லாருக்கும் தலையாட்டினாய், சாயங்காலம் பாதையில் நடந்தாய்.

இதை உன்னிடம் சொன்னதில்லை. ஒரு நாள் உச்சி வேளையில் நான் தனியாக முனியிடம் போனேன். சாமி சொன்னால் கேட்பேன் என்றாயே, அந்தச் சாமி என்மேல் ஒரே ஒரு தரம் வரட்டும் என்று நின்றேன். கண்ணை மூடினேன். உடம்பை உதறிக்கூடப் பார்த்தேன். எறும்பு கடித்தது. கால் கடுத்தது. குரங்கு ஒன்று மேலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எதுவும் வரவில்லை. பொய்யாக ஆடிவிடலாமா என்றும் யோசித்தேன். ஆனால் என் தொண்டையை நீ நன்றாக அறிந்தவன், முதல் சத்தத்திலேயே சிரித்துவிடுவாய். எனக்கு அன்றைக்கு வந்த அழுகை அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. அரிப்பு வந்தபோது தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். மெதுவாகத்தான் தேய்த்தேன். "உனக்குத் தேய்க்கத் தெரியல" என்று திட்டினாய். அஞ்சலை உப்பில்லாத கஞ்சியை இரண்டு கிண்ணமாக ஊற்றினாள். அப்போதுதான் குடியை விட்டாய், விட்டும் நேரம் கடந்துவிட்டது. மழைக்காலத்தில், தோட்டத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில், என் கை உன் பாதத்தின்மேல் இருக்கும்போதே போய்விட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். இவ்வளவு வருஷத்தில் அது கொஞ்சமும் தணியவில்லை.

எனக்கு ஈரல் புதிதாக முளைக்கவில்லை. வெயிலில் நின்றால் இன்றும் கால் கனக்கிறது, தலையணை வைத்து உயர்த்திக்கொள்கிறேன். பேதி மருந்தை வீட்டில் தீரவிடுவதில்லை. புத்தி சரியாக இருக்கிறதா என்று காலையில் கையை நீட்டச் சொல்லி அஞ்சலை பார்க்கிறாள். முனிக்கு வேறு பூசாரி வந்துவிட்டான். உன் தொண்டை அவனுக்கில்லை. ஆனாலும் பிரசாதம் கொடுத்து வரும்போது என் முன்னால் நிற்காமல் என்னைத் தாண்டிப் போக அவனுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

"இன்னுமா அந்த நெனப்பு வருது?" என்று அஞ்சலை கேட்பாள். வருகிறது. வாளிகள் கவிழும் சத்தம் கேட்டதும் நாக்கு வறள்கிறது, கால் பாதையைத் தேடுகிறது. அப்போது நான் டிரஸரை நினைப்பதில்லை, புலியையும் நினைப்பதில்லை. எனக்கென்று ஊற்றி வைத்ததெல்லாம் தீர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதை நீ குடித்துவிட்டாய்.