அப்பா பேசாத வீடு

மே 22, புதன்

மழை. மெட்ரோ முழுக்க ஈரக் கம்பளி வாடை. ஞாயிறன்று மரபு நாள், நாடு முழுக்கப் பழைய கட்டடங்களை எல்லோருக்கும் திறந்துவிடும் நாள். சாந்தியாகோவே வரிசையில் நிற்கும். எனக்கு மதியத்துக்குமேல் அந்த வீட்டில் வாசல் வேலை. ராணுவ ஆட்சியில் ஆட்களைப் பிடித்து அடைத்த வீடு, இப்போது அருங்காட்சியகம்.

அப்பாவை அழைத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்: “இவரா? பஸ் ஓட்டி ஊரையே சுத்திக் காட்டினவரு. தான் எங்கயும் இறங்கினதில்ல.”

அப்பா சிரிக்கவில்லை. “வரேன்” என்றார்.

மே 26, ஞாயிறு

காலையில் அரசு மாளிகை, பிறகு வேறொரு அருங்காட்சியகத்தில் மம்மிகள். அப்பா வாய் ஓயவில்லை. கண்ணாடிப் பெட்டியைக் காட்டி அம்மாவிடம், “நெல்லி, உங்க அக்கா மாதிரியே முறைக்குது பாரு.”

“அவ கிட்ட சொல்றேன். அடுத்த பெட்டில நீங்கதான்.”

மதியம் என் வீட்டுக்கு வந்தோம்; வாசலில் வேறொருவரை நிறுத்திவிட்டு நானும் கூடப் போனேன். (என் வீடு. என்ன எழுதுகிறேன்!) சுற்றிக் காட்டியவர் இரிஸ் அம்மாள், எங்களுக்கு சென்யோரா இரிஸ். பத்தொன்பது வயதில் தம்பியோடு இங்கே அடைக்கப்பட்டவர். தம்பி திரும்பவேயில்லை.

“எங்க கண்ணைக் கட்டியிருந்தாங்க. ஒருத்தர் முகமும் தெரியாது. குரல் தெரியும். இன்னிக்குக் கேட்டாலும் சொல்லிடுவேன்.”

நிலவறைப் படி. இருட்டு. அப்பா எனக்கு முன்னால். “தலை பத்திரம், உத்தரம் இருக்கு” என்று இரிஸ் சொல்வதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரிஸ் நன்றி சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். அம்மா வழக்கம்போல, “அடுத்த ஞாயிறு வீட்டுக்கு டீக்கு வாங்களேன்.” இரிஸ் சம்மதித்தார்.

தெருமுனையில் சோபாயிபில்லா என்ற பூசணிப் பூரி பொரிக்கும் வண்டி. அப்பா கடுகுச் சாந்துக்காகக் கடைக்காரனோடு சண்டை போட்டார். உரக்க.

மே 27

அப்பா இளவயதில் கட்டாய ராணுவ சேவை செய்தது எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன்.

“வடக்க, பாலைவனத்துல. ஏன்டி?”

“சும்மா.”

“ஒரு போட்டோகூட கிடையாது. எல்லாம் தொலைஞ்சுபோச்சாம்.”

மே 29

உயரமான மனிதர். எங்கே போனாலும் குனிகிறவர்தான். இல்லையா?

மே 31, வெள்ளி

கேட்டுவிட்டேன். “அந்த வீட்ல ஏன்பா பேசவே இல்ல?”

“தொண்டை கட்டியிருந்துச்சு.”

கடுகுச் சாந்துக்குக் கத்தியபோது? கேட்கவில்லை. பயம் — பதில் வந்துவிடுமோ என்று.

இரிஸுக்குப் போன் செய்து அம்மாவுக்குக் காய்ச்சல், ஞாயிறு வர வேண்டாம் என்று பொய் சொன்னேன். “அதனாலென்ன கண்ணு, சூப் வெச்சு எடுத்துட்டு வரேன்.” இந்த அம்மாளைத் தடுக்கவா நான்? எதற்காக? யாருக்காக?

ஜூன் 2, ஞாயிறு

இரிஸ் சூப்போடு வந்தார். அம்மா நன்றாக நடமாடுவதைப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை.

ரொட்டி, வெண்ணெய்ப்பழம், தேநீர். அப்பா வெளியே போயிருக்கலாம். தலைவலி என்று படுத்திருக்கலாம். முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, இரிஸுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அம்மா இரண்டு பேருக்குமாகச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம், இப்படியே முடிந்துவிடும் —

சர்க்கரைக் கிண்ணம் அப்பா பக்கத்தில் இருந்தது. பேசாமல் நகர்த்தியிருந்தால் போதும். அவர் கிண்ணத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு இரிஸை நேராகப் பார்த்தார்.

“சர்க்கரை போடட்டுமா, சென்யோரா?”

இரிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். கண்களை மூடிக்கொண்டார்.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றார்.

அப்பா சொன்னார்.