மூட்டை சுமக்கத் தெரியாத சிலை

திண்டிவனம்,
9-2-2025

அன்பு மகள் கலைமதிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு முட்டிவலி, எனக்குக் கோபம். மற்றபடி இருவரும் சுகம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். அதனால்தான் பேனா எடுத்தேன். எட்டாவது ஃபெயிலானவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று உனக்குத் தெரியாமல் விழுப்புரம் வந்தேன். நெல் ஏலம் விடுகிற கமிட்டிக்குப் போகிற வழியில் இருக்கிற உழைப்பாளி சிலை பக்கத்தில் உன் கலைக் கண்காட்சிக்காக நீ வைத்திருக்கும் பெரிய திரையைப் பார்த்தேன். யார் எதிரில் நின்றாலும் கேமரா பிடித்துத் திரையில் காட்டுகிறது. சிலையின் தோளில் இருக்கிற நெல் மூட்டை இறங்கி வந்து அவர்கள் தோளில் ஏறிக்கொள்கிறது. ஆள் நடந்தால் மூட்டையும் நடக்கிறது. காலேஜ் பையன் ஒருத்தன், "மச்சி, வெயிட்டே இல்லடா!" என்று குதித்தான். எழுபத்தைந்து கிலோவும் அவனோடு சேர்ந்து குதித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

போதாததற்குக் கீழே எழுதிவேறு வைத்திருக்கிறாய்: ‘இது என் அப்பா கிருஷ்ணசாமி. முப்பது வருடம் மூட்டை சுமந்தவர்.’ யாரைக் கேட்டு எழுதினாய்? இந்தத் தெருவுக்குக் குடிவந்து எட்டு வருஷமாகிறது. இங்கே நான் கமிட்டியில் ஆபீஸ் வேலை பார்த்து ரிடையரானவன். கத்தரிக்காய் வாங்கப் போனாலும் இஸ்திரி போட்ட சட்டையில்தான் போகிறேன். பக்கத்து வீட்டு சுப்பராயலு மகன் தினமும் விழுப்புரத்துக்குத்தான் வேலைக்குப் போகிறான். அவன் கண்ணில் பட்டால் என் மானம் என்ன ஆவது? பேரை எடு.

இன்னொன்று. மூட்டையை எவனாவது அப்படித் தூக்குவானா? நெஞ்சை நிமிர்த்தி, ஒற்றைத் தோளில் வைத்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு! அப்படி நாலு நடை நடந்தால் இடுப்பு கழன்றுவிடும். சிலை செய்தவர் மூட்டையைத் தொட்டதில்லை, சரி. என் மகள் உனக்குமா தெரியாது?

இப்படிக்கு,
உன் அப்பா.

*

விழுப்புரம்,
13-2-2025

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் படித்தேன்.

எனக்கு எப்படித் தெரியும்பா? கமிட்டிப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னது நீங்கள்தானே. ஏழாவது படிக்கும்போது ஒரே ஒருநாள் ஸ்கூலுக்கு மட்டம் போட்டு உங்களுக்குச் சோறு கொண்டுவந்தேன். கூட வேலை பார்த்த கோதண்டபாணி மாமா, "அப்பா டீ குடிக்கப் போய்க்கீறாரும்மா" என்றார். நீங்கள் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தீர்கள். லாரிக்கு அடியில் உங்கள் கால் தெரிந்தது. சுண்டுவிரலில் நகம் இல்லாத அந்தக் கால் எனக்குத் தெரியாதா? தூக்குவாளியைக் கொடுத்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி வந்துவிட்டேன்.

காலுக்கு மேலே எப்படி இருந்திருப்பீர்கள் என்பதை அந்தச் சிலையைப் பார்த்துத்தான் நினைத்துக்கொண்டேன். தப்பாக இருந்தால் வந்து காட்டுங்கள்.

பேரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறேன், அது உங்கள் பேர். கேட்காமல் போட்டது என் தப்பு. ஆனால் அப்பா ஆபீஸில் இருந்தார் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். மாதக் கடைசி வரை திரை இருக்கும்.

உங்கள்
கலைமதி

*

திண்டிவனம்,
18-2-2025

கலைமதிக்கு,

பார்த்துவிட்டு இத்தனை வருஷம் சொல்லாமல் இருந்திருக்கிறாயே! தப்பித்தேன் என்ற சந்தோஷத்தில் கோதண்டபாணிக்கு அன்றைக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தேன். எல்லாம் தண்டம்.

முதுகில் மூட்டை இருந்தால் எதிரில் வருகிறவர் முகம் தெரியாது, காலடிதான் தெரியும். கறுப்பு ஷூ ஒன்று வந்தது. காலையில் அதற்குப் பாலிஷ் போட்டதே நான்தான். மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். வாழ்க்கையில் நான் ஓடின ஒரே ஓட்டம் அதுதான், அதுவும் பெற்ற பிள்ளையைப் பார்த்து.

உன் கடிதத்துக்குப் பிறகு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பேரை எடு என்று மறுபடி எழுத உட்கார்ந்தேன், கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே சுப்பராயலு வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவன் பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "இத சொல்லத்தான் வந்தியா? உன் பிடரி காய்ச்சுப் போயிருக்கே, அது பேனா புடிச்சா வந்துச்சி? குடி வந்த அன்னிக்கே தெரியும்பா" என்றான்.

எட்டு வருஷம்! தெரிந்துகொண்டே என்னிடம் ஆபீஸ் கதை கேட்டிருக்கிறான். "அப்புறம் மேனேஜர் என்னா சொன்னாரு?" என்று எடுத்துவேறு கொடுத்திருக்கிறான். அயோக்கியன். நானும் இல்லாத மேனேஜருக்கு மீசையெல்லாம் வைத்துச் சொன்னேன்.

பேர் இருக்கட்டும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன், சுப்பராயலுவும் வருகிறானாம். நிஜ மூட்டை ஒன்று கொண்டுவந்து வை. காற்று மூட்டைக்கெல்லாம் என் முதுகு வளையாது. பாதி நெல் போதும், அப்பனுக்கு அறுபத்தாறு வயது. சிலைக்கு எதிரிலேயே குனிந்து நடந்து காட்டுகிறேன், உன் கேமராவில் பிடித்துக்கொள்.

ஒரே நடைதான் நடப்பேன். சரியாகப் பார்த்துக்கொள்.

கோபம் தீராத அப்பா,
கிருஷ்ணசாமி