தொட்டி நிறைய வெந்நீர்

அம்மா,

ஆஸ்திரேலியாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த ஊரில்தான் எட்டு மாதமாக மழை இல்லையாம்.

"வெந்நீர் போட்டுக் குடு, பிரியமாயிடுவாங்க" என்று நான் கிளம்பும்போது அப்பா சொன்னாரே. ஞாயிற்றுக்கிழமை, ஒசாகாவில் நாம் செய்வதுபோலவே குளியல் தொட்டி முழுக்க வெந்நீர் நிரப்பினேன். நான் தங்கியிருக்கும் வீட்டார் எல்லோரும் அதே தண்ணீரில் ஒருவர்பின் ஒருவராக இறங்கி எழுந்தபின் கடைசியாக நான் இறங்கலாம் என்று காத்திருந்தேன்.

"மீன் வளர்க்கப்போறியா கண்ணு?" என்றார் வீட்டுக்காரர் டெஸ். அவர் மனைவி மார்லீன் சிரிக்கவில்லை. "டேங்க்ல மிச்சமிருந்த மழைத்தண்ணியே அவ்வளவுதான் பொண்ணே!"

அத்தனையையும் வாளி வாளியாக ஆடுகளுக்குச் சுமந்தோம்.

பரிமாற்ற மாணவர்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுவது வழக்கம்தான். எனக்கு மூன்றே வாரத்தில், வரும் சனிக்கிழமை. புது வீட்டில் பெட்டியைப் பிரிக்கப்போவதில்லை.

எல்லோரும் ஆசையாகக் குளித்தார்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

உன் மகள்