எடைமேடையில் எங்கள் சிங்கம்

ஞாயிறு, இரவு. நகரி.

எவனும் நம்பப் போகாத ஒரு மகா சரித்திரத்தை இங்கே சத்தியம் செய்து எழுதுகிறேன்.

என் அக்கா மகன் பாபு, விசைத்தறியை உதறிவிட்டுக் காசுக்குக் குத்துச்சண்டை போடும் வீரன். இதுவரை அவன் வீழ்த்தியவர்கள் எல்லாம் தும்மினாலே விழும் நோஞ்சான்கள். நாளை திருப்பதியில்தான் முதல் நிஜச் சண்டை. எதிராளி பலமனேர்க்காரன், அவன் பெருமூச்சு விட்டால் சித்தூரில் கூரை பறக்கும். இன்று எடை பார்த்தார்கள். கூடினால் சண்டை ரத்து, இனிமேல் கூப்பிடவும் மாட்டார்கள்.

பட்டினி கிடந்து எடையைச் சரியாக வைத்திருந்த சிங்கம், மேடை ஏறும் நேரத்தில் அக்காவின் பையைத் திறந்து ஏழுமலையளவு லட்டை எடுத்தது.

"டேய், இன்னாடா துன்னுகினு கீற?"

"பிரசாதம் மாமா. வேணாம்னா பாவம்."

எடைமேடை அலறியது சத்தியவேடு வரை கேட்டது. சண்டை ரத்து. பிரசாதம் தின்றவனை யார் திட்டுவது? "சாமியே தடுத்துட்டாரு" என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தொடைநடுங்கிக்குப் பெருமாளே வக்கீல்! நாளையிலிருந்து மறுபடி தறி.

லட்டு மலையளவு இல்லை. மேடையும் அலறவில்லை. தின்றபோது அவன் கை நடுங்கியது மட்டும் நிஜம்.