கீரைக்குத் தடை நீங்கியது, அண்ணி

என் உயிர் அண்ணிக்கு,

பெண் குழந்தை அண்ணி, சுகப்பிரசவம், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடித்துவிட்டாள், சீம்பால் ஒரு சொட்டுகூட வீணாகவில்லை!

பிறந்த அன்றே இதை முதலில் உங்களுக்குச் சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். வாட்ஸப்பில் உங்கள் பெயரைத் தேடும்போதுதான் உறைத்தது. நீங்கள் போய் ஒரு மழைக்காலமே முடிந்துவிட்டதே. உங்களைக் கொண்டுபோக அந்தக் காய்ச்சலுக்கு அப்படி என்ன அவசரம்?

வரிச்சிக்குடிக்கு, நம் வீட்டுக்கு வந்ததுமே அம்மா பத்தியத்தை ஆரம்பித்துவிட்டார். பூண்டுக் குழம்பு, சுட்ட அப்பளம், அரை டம்ளர் வெந்நீர். கீரை கிடையாது, பழம் கிடையாது. ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகூட, சூடு என்று அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

"கீரையத் தின்னா புள்ளைக்குப் பச்சையா போவும்டி."

"போவட்டும்மா. பால்ல சத்து வேணாமா?"

"ஃபோனப் பாத்தா ஒன்னப் பெத்து வளத்தேன்?"

எனக்குப் பதில் தெரியாதா? உங்கள் யூடியூப் சேனலின் முதல் சப்ஸ்கிரைபரே நான்தானே. நம் அடுப்படியில் நீங்கள் எடுத்த ஒவ்வொரு வீடியோவும் எனக்கு மனப்பாடம். "இரும்பும் சுண்ணாம்பும் தாய் ஒடம்புலேர்ந்து பாலுக்குப் போயிடும், நீங்கதான் வத்திப்போவீங்க. ஆனா அயோடின், பி பன்னெண்டு, வைட்டமின் ஏ எல்லாம் நீங்க சாப்பிடலன்னா பால்லயே கொறஞ்சிடும்." இதைச் சொல்ல வாயெடுத்தால் எனக்கு அழுகைதான் வருகிறது. நீங்கள் இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே கீரையை ஆய உட்கார்ந்திருப்பீர்கள்.

நேற்றுக் காலை அடுப்படியிலிருந்து உங்கள் குரல்! "முருங்கக்கீரைய ரொம்ப நேரம் வேக வைக்காதீங்க..." குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு நொடி, நீங்கள் நிற்பீர்கள் என்றே நம்பிவிட்டேன்.

மிளகாய்த்தூள் டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைத்து அம்மா நின்றார். பக்கத்தில், எனக்குப் பால் ஊறட்டும் என்று கருக்களாச்சேரியில் வாங்கிய பால்சுறா, புட்டுக்கு உதிர்த்து வைத்திருந்தது. திரையைப் பார்த்து உங்களோடு சண்டை. "செல்வி, சும்மா இரு. எனக்கு வேக வைக்கத் தெரியும். புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு!" வீடியோவைப் போட்டுக் கொடுத்த அண்ணன் கொல்லையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வரவில்லை.

வீடியோ முடிந்தது. அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவள இன்னொரு தரம் பேசச் சொல்லுடி."

மதியம் தட்டில் சுறாப்புட்டும் கீரையும். மாத்திரையும் கீழே இறங்கியது. இன்று குழந்தைக்கு மஞ்சளாகத்தான் போனது. அம்மா எட்டிப் பார்த்தார், அடுத்த வேளைக்கும் கீரை ஆய உட்கார்ந்துவிட்டார். நீங்கள் இதைப் பார்த்திருக்க வேண்டாமா?

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், சொட்டுத் தண்ணீரும் தர மாட்டேன். அதன்பிறகு அவள் வாயில் வைக்கும் முதல் பருப்புச் சோறு உங்கள் சேனலில் வரும். அம்மாதான் பிசைவார். சத்தியம் அண்ணி.

படிக்கிற அக்கா, தங்கச்சிகளே, பிள்ளை பெற்றபோது உங்கள் வீட்டில் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்றார்கள்? கீழே எழுதுங்கள். பத்தியத்தில் இருக்கும் ஒருத்திக்கு, முக்கியமாக அவள் அம்மாவுக்கு, இதை அனுப்புங்கள். என் அண்ணி இன்னும் பல அடுப்படிகளில் பேசட்டும்.

உங்கள் முதல் சப்ஸ்கிரைபர்,
உங்கள் ஒரே நாத்தனார்