கூட்டம் முடிந்தபின் பேசியதை இராஜினாமாவாக எழுதிய கருவி

அனுப்புநர்:
திருமதி ஜெகதீஸ்வரி வரதராசா,
37ஆம் ஒழுங்கை, வெள்ளவத்தை,
கொழும்பு 06.

பெறுநர்:
உதவித் தொழில் ஆணையாளர் அவர்கள்,
தொழில் அலுவலகம், கொழும்பு.

விடயம்: நான் கொடுக்காத இராஜினாமாவை எனது நிறுவனம் ஏற்றுக்கொண்டமை தொடர்பானது

மதிப்பிற்குரிய ஐயா,

1. கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தின் ஆவணப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாகக் கடமையாற்றுகிறேன். இம்மாதம் 4ஆம் திகதி நிறுவனம் எனக்கொரு கடிதம் தந்தது. டிசம்பர் 31ஆம் திகதியுடன் விலகப்போவதாக நான் அறிவித்ததை ஏற்றுக்கொள்வதாகவும், எனது எதிர்காலம் சிறக்க வாழ்த்துவதாகவும் அதில் எழுதியிருந்தது. ஐயா, நான் எவரிடமும் இராஜினாமாக் கடிதம் கொடுக்கவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும்.

2. நடந்ததை விளங்கப்படுத்த எங்கள் மாதாந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கடைசி வியாழக்கிழமை, மேல்மாடி அறையில், கிளையில் உள்ள ஒன்பது பேரும் கூடுவோம். திரு. ஷெல்டன் சென்ற வருடம் ஓய்வுபெறும் வரை கூட்டக் குறிப்பை அவரே எழுதினார். வேலை விடயங்கள் முடிந்ததும் “சரி, குளோஸ்” என்று சொல்லிப் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். அதன் பின்னர்தான் தேநீரும் ரோல்ஸும் வரும். அதன் பின்னர் பேசப்படுவது எதுவும் குறிப்பில் ஏறாது. இதை எவரும் சட்டமாக்கவில்லை. ஆனால் ஒருவரும் மீறியதில்லை.

3. அந்த அரைமணி நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாக இருக்கிறது. தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஓடும். யாருக்கு இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது, யாருடைய மகளுக்குக் கலியாணம் பொருந்தி வருகிறது, யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது எல்லாம் அங்கேதான் தெரியவரும். கப்பல் பிந்திய மாதங்களில் காலையில் சண்டை பிடித்தவர்களும் அங்கே ஒரே தட்டில் கை வைப்பார்கள். எனது கணவர் காலமான மாதத்தில் நான் அழுது முடித்தது வீட்டில் அல்ல, அந்த அறையில்.

4. அங்கே நான் மாதம் தவறாமல் சொல்வது ஒன்றுண்டு: “எனக்கு இனி ஏலாதப்பா, மார்கழியோட நிப்பாட்டுறன்.” உடனே சுங்க அலுவல்கள் பார்க்கும் திரு. ஜாபிர், “எந்த வருஷத்து மார்கழி அக்கா?” என்று கேட்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனையோ மார்கழிகள் போய்விட்டன, நான் போகவில்லை.

5. திரு. ஷெல்டன் போனபின், கொம்பனித்தெருவில் உள்ள தலைமை அலுவலகத்தினர் சுவரில் உள்ள தொலைக்காட்சித் திரை வழியாகக் கூட்டத்தில் சேர்ந்து, குறிப்பையும் அங்கிருந்தே எழுதினர். கூட்டம் முடிந்ததும் நாங்கள் ரிமோட்டால் திரையை அணைத்துவிடுவோம். திரை இருண்டால் கூட்டமும் முடிந்தது என்பதுதான் எங்கள் ஒன்பது பேரின் எண்ணம். திரையுடன் இணைத்து அலுமாரித் தட்டில் வைத்திருந்த கணினி தொடர்ந்தும் இணைப்பிலேயே இருந்தது எங்களுக்குத் தெரியாது. அதனால் அதுவரை எவருக்கும் தீங்கு வரவுமில்லை. கடந்த ஒக்டோபர் 30ஆம் திகதிதான் முதன்முதலாக, பேசுவதைக் கேட்டுத் தானாகவே குறிப்பெடுக்கும் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள். திரையின் மூலையில், முகமில்லாத ஒரு கட்டமாக அது இருந்தது. கப்பல் திகதிகளை அது பிசகாமல் எழுதியது; அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் திரையை அணைத்தபின்னும் அது போகவில்லை. நாங்கள் ரோல்ஸ் சாப்பிட்டு முடியும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தீர்மானங்கள்” என்ற தலைப்பின் கீழ் ஐந்தாவதாக, மார்கழியை டிசம்பர் 31 ஆக்கி, எனது விலகலையும் எழுதி, எல்லோருக்கும் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டது. இரண்டு நாட்களுக்குள் திருத்தம் கோராவிட்டால் குறிப்பு சரியென்றே கொள்ளப்படுமாம். நானே இருந்த கூட்டத்தின் குறிப்பை நான் ஏன் வாசிக்கப் போகிறேன்?

6. கடிதம் வந்தபோது ஜாபிரின் பகிடி என்றே நினைத்து, அவருடைய மேசைக்குப் போய்ச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. மனிதவளப் பிரிவில் செல்வி சுபோதினியிடம் கேட்டேன். “குறிப்பில இருக்கே அக்கா, நான் என்ன செய்ய?” என்றார். அவர் கெட்ட பிள்ளை அல்ல. அதற்குள் எனது இடத்துக்கு ஆள் தேவையென விளம்பரமும் போட்டுவிட்டார்கள்.

7. இறுதியாக முகாமையாளர் ஒரு வழி சொன்னார். கருவியிடம் முழு ஒலிப்பதிவும் உண்டாம். இதுவரை எவரும் அதைப் போட்டுக் கேட்கவில்லை. நான் ஒப்பமிட்டுக் கோரினால் விசாரணையில் போட்டுக் காட்டுவார்களாம். அதைக் கேட்டால் எனது வழக்கு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஜாபிரின் கேள்வியும் ஒன்பது பேரின் சிரிப்பும் அதில் இருக்கும். ஆனால் ஐயா, அந்தச் சிரிப்பு அடங்கிய பின் எங்களில் ஒருவர் தன் வீட்டில் நடப்பதைச் சொன்னார். ஆணா பெண்ணா என்பதைக்கூட இங்கு எழுத மாட்டேன். அதில் தீர்மானமோ எவருக்கும் ஒப்படைக்க வேலையோ இல்லாததால் கருவி அதைக் குறிப்பில் விட்டுவிட்டது. ஒலிப்பதிவில் அது இருக்கிறது. நான் ஒப்பமிடவில்லை.

8. ஆகவே தாங்கள் தயவுகூர்ந்து,
(அ) எனது பெயரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட இராஜினாமாவை இரத்துச் செய்யுமாறு பணிக்கவும்,
(ஆ) ஒலிப்பதிவுக்குப் பதிலாக, இத்துடன் இணைத்துள்ள, எங்கள் வழக்கம் அறிந்த திரு. ஷெல்டன், அன்று கூட இருந்த திரு. ஜாபிர் ஆகியோரின் வாக்குமூலங்களை ஏற்கவும்,
(இ) கூட்டம் முடிந்தபின் பதிவான பகுதியை எவரும் கேட்காமலே அழிக்கச் செய்யவும்,
(ஈ) இம்மனுவின் பிரதி நிறுவனத்துக்குப் போகுமானால் ஏழாம் பந்தியை நீக்கி அனுப்பவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

9. அந்த ஒலிப்பதிவைக் கேட்காமல் தீர்ப்பளிக்க முடியாது எனத் தாங்கள் கருதினால், இம்மனுவைத் தள்ளுபடி செய்துவிடுங்கள், ஐயா. டிசம்பர் 31ஆம் திகதி எனது மேசையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இங்ஙனம், தங்கள் முடிவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஜெகதீஸ்வரி வரதராசா

இடம்: வெள்ளவத்தை
திகதி: 2025.11.17