மாலைக்கு ஒரு போட்டோ

செவ்வாய், இரவு.

காலையில் ஸ்டூடியோவைத் திறந்தால், கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது. என் மெஷின், யாரைக் கேட்டு? முடிந்தபின் போட்டோ திருத்தும் பழைய சாப்ட்வேர் திறக்கவில்லை. இனி மாதச் சந்தா கட்டினால்தான் திறக்குமாம். என் பேங்க் கார்டையும் அது ஏற்கவில்லை.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர் காத்திருந்தார். நேற்று இறந்த மனைவிக்கு, அடையாள அட்டையில் இருக்கும் மங்கிய முகத்தைத் தவிர வேறு படம் இல்லை. அதைப் பெரிதாக்கி, பொட்டு வைத்து, பிரேம் போட்டுத் தர வேண்டும்.

"இப்ப சரியாயிரும்ங்க" என்று சொல்லிச் சொல்லியே மதியம்வரை உட்காரவைத்தேன். வேறு கடைக்காவது அனுப்பியிருக்கலாம்.

"மூணு மணிக்கு எடுத்துருவாங்க தம்பி. கார்டையே வச்சுக்கிறோம்" என்று அட்டையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

சவப்பெட்டிக்கு முன்னால் அந்தச் சின்ன அட்டையைத்தான் வைத்திருப்பார்கள். மாலை போட்டதும் முகம் மறைந்திருக்கும்.